தம்பி வாபஸ் வாங்கிய தேர்தல்

போன வாரம் பாலக்கோடு தக்காளி மார்க்கெட்டில் ஒரு யூடியூப்காரர் செல்போனை என் முகத்துக்கு நேரே நீட்டி, "உங்க தொகுதியில போட்டி எப்படிங்க இருக்கு? யாரு ஜெயிப்பாங்க?" என்று கேட்டார். சட்டமன்றத் தேர்தல் வந்துவிட்டால் இப்படிப்பட்டவர்கள் முதலில் மார்க்கெட்டுக்குத்தான் வருகிறார்கள். காலையிலேயே கூட்டம் இருக்கும், வாயைத் திறக்க ஆள் கிடைக்கும், பின்னால் சிவப்புச் சிவப்பாகக் கிரேட்டுகள் அடுக்கியிருந்தால் வீடியோவும் பார்க்க நன்றாக இருக்கும். நான் மூன்று பேரைச் சொன்னேன். ஒருவர் உள்ளூர்க்காரர், கல்யாணம் காதுகுத்து எதையும் விடாதவர், சொந்தபந்தம் நிறைய உள்ளவர். இன்னொருவர் கூட்டணியில் தொகுதியை வாங்கிக்கொண்டு வெளியூரிலிருந்து வந்து வாடகை வீடு பிடித்திருப்பவர். மூன்றாமவர் சின்ன வயது, கட்சியும் சின்னக் கட்சி, ஆனால் பேச்சு பெரிய பேச்சு. உள்ளூர்க்காரருக்கும் வெளியூர்க்காரருக்கும்தான் இழுபறி, சின்னவர் பிரிக்கிற ஓட்டு யாருடையதோ அவருக்கு நஷ்டம் என்று டீக்கடையில் கேட்டதையே நானும் ஒப்பித்தேன். "சுயேச்சை யாரும் நிக்கலீங்களா?" என்றார். "நின்னாங்க, இப்ப இல்லீங்க" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டேன்.

நின்றவன் என் தம்பி. அம்மா கூலிக்குப் போன காலத்தில் அவனை இடுப்பில் சுமந்தது நான். அவன் பள்ளிக்கூடத்துக்கு அழுதுகொண்டே வந்தது என் கையைப் பிடித்துக்கொண்டுதான். இப்போது பிக்கப் வண்டி வைத்துத் தக்காளி லோடு அடிக்கிறான். பேச்சுக்காரன். யாரைப் பார்த்தாலும் மாமா, சித்தப்பா, அத்தை என்று ஒரு முறை வைத்துத்தான் கூப்பிடுவான். அவன் வண்டியில் லோடு ஏற்றினால் மார்க்கெட் போய்ச் சேருவதற்குள் ஊர்க்கதை எல்லாம் இலவசமாகத் தெரிந்துவிடும்.

அவன் தேர்தலில் நின்ற கதை விலை விழுந்ததில் ஆரம்பித்தது. பறிப்புக் கூலிக்குக்கூடக் கட்டுப்படியாகாத விலை. மார்க்கெட்டுக்குக் கொண்டுபோன தக்காளியைத் திருப்பிக் கொண்டுவர வண்டி வாடகை கூடுதல் என்பதால் எல்லாரும் ரோட்டோரத்திலேயே கொட்டினார்கள். மாடுகள் தின்று சலித்துப்போய் முகத்தைத் திருப்பிக்கொண்டன. அப்போது என் தம்பி அவன் வண்டி மேல் ஏறி நின்று பேசினான். "தேர்தலுக்குத் தேர்தல் தக்காளிக்கூழ் பாக்டரி கொண்டாரன், குளிர்பதனக் கிடங்கு கட்டறன்னு வர்றாங்க. அந்த பாக்டரியில வேலை கெடைக்கும்னு நம்பி இருந்தவன் இந்நேரம் ரிட்டையரே ஆயிருப்பான்" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். யாரோ அதை வீடியோ எடுத்து வாட்சப்பில் விட, அது ஊர் ஊராகச் சுற்றியது. நீயே நில்லுடா என்று நாலு பேர் சொன்னார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது, அதை மறைக்கத் தோன்றவில்லை.

பெரிய கட்சி வேட்பாளருக்கு முன்மொழிய ஒரே ஒரு ஆள் போதும். சுயேச்சைக்கு அந்தத் தொகுதியில் ஓட்டு இருக்கிற பத்துப் பேர் கையெழுத்துப் போட வேண்டும். எங்கள் ஊர் ஆண்களிடம் போய் அதைக் கேட்டுப் பிரயோசனமில்லை. ஆளுக்கொரு கரை வேட்டி வைத்திருக்கிறார்கள். இன்னொருவனுக்குக் கையெழுத்துப் போட்டால் அந்த வேட்டியை எங்கே கொண்டுபோய் வைப்பது? அதனால் பெண்களைக் கேட்கலாம் என்று முடிவாயிற்று. "நீ போயி கேளுக்கா. உன் பேச்ச யாரும் தாண்ட மாட்டாங்க" என்றான் தம்பி.

அவன் சொன்னது உண்மைதான். எங்கள் தெருப் பெண்கள் ஆள் மாற்றித்தான் தக்காளி பறிப்போம். இன்றைக்கு ஒருத்தி தோட்டத்தில் எல்லாரும், நாளைக்கு இன்னொருத்தி தோட்டத்தில் எல்லாரும். எந்த நாள் யார் தோட்டம் என்று நான்தான் சொல்வேன். விலை நன்றாக இருக்கிற நாளை எனக்கு வைத்துக்கொண்டு, விழுந்த நாளை இன்னொருத்திக்குத் தள்ளிவிட்டேன் என்று ஒருத்திகூடச் சொன்னதில்லை. படிப்போ பணமோ கொடுக்காத ஒரு மரியாதை அதனால் எனக்கு அந்தத் தெருவில் இருந்தது. என்னிடம் இருந்த சொத்தே அதுதான் என்று இப்போது தோன்றுகிறது.

முதலில் மேட்டு வீட்டுக்காரியிடம் போனேன். அவள் என் சிநேகிதி. வீட்டில் தெலுங்கு பேசுகிற குடும்பம், ஆனால் தமிழில் திட்ட ஆரம்பித்தால் எங்களில் ஒருத்தியும் எதிரில் நிற்க முடியாது. அவள் புருஷன் உள்ளூர் வேட்பாளரின் கட்சியில் பூத் வேலை பார்ப்பவன்.

"உன் தம்பி கேக்கறானா, நீ கேக்கறியா?" என்றாள்.

"நான்தான் கேக்கறன்."

"கடைசி வரைக்கும் நிப்பானா? நடுவுல எங்கள வுட்டுட்டுப் போயிட மாட்டானே?"

"நிப்பான். அதுக்கு நான் இருக்கறன்."

"அப்ப போடறன். எங்க வூட்டுல குதிப்பாங்க. குதிக்கட்டும்."

அவள் போட்டதும் மற்றவர்களும் போட்டார்கள். ஒருத்தியும் தம்பியின் முகத்துக்காகப் போடவில்லை. ரெண்டு பேருக்கு அவன் பேசிய வீடியோகூடத் தெரியாது. நான் சொன்னேன், போட்டார்கள். பத்தாவதாக நானும் போட்டேன்.

அதன் பிறகு ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கூத்து நடந்தது. மேட்டு வீட்டுக்காரியின் புருஷன் அவள் சமைத்ததைத் தொடமாட்டேன் என்று ஓட்டலிலிருந்து பொட்டலம் வாங்கிவந்து அவள் கண்ணெதிரிலேயே பிரித்துத் தின்றானாம். "சட்னி பத்தலன்னா அடுப்பாண்ட இருக்குது, எடுத்துக்கோ" என்றாளாம் இவள். இன்னொருத்தியை மாமியார் பத்து நாள் விருந்தாளி மாதிரி நடத்தினாள். எந்த வேலையும் சொல்லமாட்டாள், எந்தப் பேச்சும் பேசமாட்டாள். எங்கள் வீட்டில் என் கணவரின் அண்ணன் இருக்கிறார். அவரும் உள்ளூர் வேட்பாளரின் கட்சிதான், கிளைச் செயலாளர். எங்களுக்கும் அவருக்கும் கிணறு பொது, மோட்டாரை முறை வைத்து ஓட்டுவோம். நான் கையெழுத்துப் போட்ட மறுநாளிலிருந்து த்ரீ பேஸ் கரண்ட் இருக்கிற நேரமெல்லாம் அவர் முறையாகவும், கரண்ட் இல்லாத நேரமெல்லாம் எங்கள் முறையாகவும் ஆகிவிட்டது. கேட்டதற்கு, "தம்பி எம்.எல்.ஏ. ஆனா உங்களுக்குத் தனி லைனே இழுத்துக் குடுப்பானேம்மா" என்றார். என் கணவர் அதிகம் பேசுகிறவர் இல்லை. வாடிய செடிகளைப் பார்த்துவிட்டு என்னைப் பார்ப்பார். எனக்கு அதுவே போதுமான திட்டாக இருந்தது.

மனுத்தாக்கலுக்குப் பஸ் ஏறிப் போனோம். ஆபீஸ் கேட்டில் போலீஸ்காரர் எல்லாரையும் உள்ளே விட முடியாது என்றார். தம்பியோடு நாலு பேர் உள்ளே போக, மிச்சப்பேர் புளியமரத்தடியில் உட்கார்ந்து சின்னம் பற்றிப் பேசினோம். தக்காளியே சின்னமாக வேண்டும் என்பது எங்கள் ஆசை. சுயேச்சைச் சின்னங்களின் பட்டியலில் பச்சை மிளகாய் இருக்கிறதாம், காலிஃபிளவர் இருக்கிறதாம், தக்காளி இல்லையாம். "தேர்தல் ஆபீசருங்க ரசம் வெக்க மாட்டாங்களா?" என்றாள் மேட்டு வீட்டுக்காரி. கடைசியில் பக்கெட் கேட்கலாம் என்று தீர்மானித்தோம். பறிக்கிற தக்காளி முதலில் பக்கெட்டில்தானே விழுகிறது. வாபஸ் நாள் முடிந்த பிறகுதான் சின்னம் ஒதுக்குவார்கள் என்று தெரிந்தும் ஊருக்குத் திரும்பும்போதே பஸ்ஸில் எங்கள் பெண்கள் பக்கெட்டுக்கு ஓட்டுக் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். அன்றைக்கு நாங்கள் அவ்வளவு சிரித்தோம். பிறகு அப்படிச் சிரிக்கவில்லை.

மனு பரிசீலனையில் தம்பியின் மனுவை ஏற்றுக்கொண்டார்கள். அந்தச் சமயத்தில்தான் விலை ஏறியது. ஆந்திரா பக்கம் மழையில் செடிகள் அழுகிவிட்டன, வெளிமாநில லாரிகள் எல்லாம் பாலக்கோட்டுக்கு வருகின்றன என்றார்கள். நேற்று வரை ரோட்டில் கொட்டிய பழத்துக்கு வியாபாரிகள் தோட்டத்துக்கே வந்து நின்றார்கள். தக்காளி விவசாயிக்கு விலை ஏறிவிட்டால் கோபம் இறங்கிவிடும். இது எங்கள் எல்லாருக்கும் உள்ள வியாதி. விலை விழுந்தபோது வண்டியைச் சுற்றி நின்று கைதட்டிய ஆண்கள் ஒருவர்கூடத் தம்பியின் பக்கம் வரவில்லை. நாங்களும் இருட்டு விலகியதும் பறிப்புக்கு இறங்கினால் நிமிர நேரமில்லை. இன்று பறிக்காத பழம் நாளை மார்க்கெட்டுக்கு ஆகாது. வாபஸ் வாங்கக் கடைசி நாளன்று காலையில் தம்பிக்குப் போன் செய்து, நாங்கள் ரெண்டு பேராவது கூட வரட்டுமா என்று கேட்டேன். "நீங்க பறிங்கக்கா. நான் பாத்துக்கறன். சாயந்தரம் சின்னத்தோட வர்றன்" என்றான்.

செய்தியைக் கொண்டுவந்தது என் கணவரின் அண்ணன். மதியத்துக்கு மேல் எங்கள் தோட்டத்து வரப்பில் வந்து நின்றார். கையெழுத்து விஷயத்துக்குப் பிறகு அவர் அந்தப் பக்கம் காலே வைத்ததில்லை. போனை என்னிடம் நீட்டினார். வெளியூர் வேட்பாளரின் பக்கத்தில் என் தம்பி நிற்கிறான். தோளில் பொன்னாடை. இருவரும் பூங்கொத்தைச் சேர்ந்து பிடித்திருக்கிறார்கள். சுயேச்சை வேட்பாளர் மனுவை வாபஸ் பெற்று ஆதரவு என்று கீழே எழுதியிருந்தது. தம்பி சிரித்துக்கொண்டிருந்தான். கல்யாண போட்டோவில்கூட அவன் அப்படிச் சிரித்ததில்லை.

"அந்தாண்ட போறதுன்னு முடிவு பண்ணவன், நம்ம வூட்டுப் புள்ளையாச்சே, எங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதாம்மா?" என்றார் அவர். கிண்டல் பாதி, நிஜமான வருத்தம் பாதி. பக்கத்துச் சாலில், செடி வரிசைகளுக்கு நடுவே, ஒன்பது பெண்களும் கையில் தக்காளியோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். போனை அவர்களிடம் கொடுத்தேன். கை மாறி மாறிப் போயிற்று. மேட்டு வீட்டுக்காரி படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "நல்ல பொன்னாடை" என்று திருப்பிக் கொடுத்தாள்.

தம்பியின் போன் இரண்டு நாள் அணைந்தே கிடந்தது. மூன்றாம் நாள் ஒன்றும் நடக்காத மாதிரி வீட்டுக்கு வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். நான் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை.

"தனியா நின்னு என்னாக்கா பண்றது? டெபாசிட்டு போயிருக்கும், பேரும் போயிருக்கும்" என்றான்.

"இது நிக்கறதுக்கு முன்னாடி தெரியலியா?"

"அவரு பாக்டரி கொண்டாரன்னு சொல்லியிருக்காரு."

"எல்லாரும் அதத்தான்டா சொல்றாங்க. நீதான வண்டி மேல ஏறி நின்னு கேலி பண்ண?"

அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. "விலை ஏறின அன்னிக்கு என்ன வுட்டுட்டுத் தோட்டத்துக்குப் போனது யாரு? உங்க ஆளுங்கதான. நீயுந்தான. நான் மட்டும் ஒத்தையா நின்னு ஊருக்கு ஒழைக்கணுமா?"

அதில் கொஞ்சம் உண்மை இருந்தது, அதனால்தான் அது அதிகமாக வலித்தது. ஆனால் நாங்கள் தோட்டத்துக்குப் போனது அவனிடம் சொல்லிவிட்டு. அவன் போனது எங்களிடம் சொல்லாமல். இந்த வித்தியாசம் தெரியாதவனாக நான் அவனை வளர்க்கவில்லை. மார்க்கெட்டில் அவனுக்கு ஒரு கடை ஏற்பாடாகிறது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். நிஜமா என்று கேட்டேன். "அதெல்லாம் சும்மா பேசறதுக்கா" என்று என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். பொய் சொல்லும்போது சின்ன வயதிலிருந்தே அவனால் என் முகத்தைப் பார்க்க முடியாது.

அன்றைக்கே ஒன்பது வீட்டுக்கும் போனேன். எனக்கு ஒன்றும் தெரியாது, எனக்கும் துரோகம்தான் பண்ணிவிட்டான் என்று ஒவ்வொரு வாசலிலும் சொன்னேன். யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. மேட்டு வீட்டுக்காரி எனக்கு மோர் கொடுத்தாள். "நீ என்னா பண்ணுவ? அவனப் பத்தி உனக்கே தெரியாதபோது எங்களுக்கு என்னா தெரியும்? வுடு" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. தம்பி போனால் போகட்டும், தெரு என் பக்கம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு திரும்பினேன்.

பிறகு வெளியூர் வேட்பாளரின் பிரச்சார வேன் எங்கள் தெருவுக்கு வந்தது. எந்தக் கட்சி வந்தாலும் எங்கள் ஊர்ப் பெண்கள் ஆரத்தி எடுப்பார்கள், அதற்கு ஓட்டுப் போடுகிறோம் என்று அர்த்தமில்லை. நான் தட்டு எடுக்கவில்லை. வாசலில் சும்மா நின்றேன். வேனில் வேட்பாளருக்குப் பின்னால் தம்பி நின்றுகொண்டிருந்தான். என் வீட்டுக்கு நேரே வந்ததும் அவர் காதில் ஏதோ சொன்னான். வேன் நின்றது. அவர் என்னைப் பார்த்துப் பெரிய கும்பிடு போட்டார். மைக்கிலேயே பேசினார்.

"அந்த அக்கா நீங்கதானுங்களா? தம்பி மனு போடறதுக்கு முன்னாடியே எங்கிட்ட வந்து சொன்னாருங்க. கையெழுத்துப் போட்ட பத்து வூடும் எங்க அக்கா சொல்றதத்தான் கேக்கும், அக்கா கையில இருக்குதுன்னாரு. அக்கா, நீங்க பண்ணின ஒதவிய நான் மறக்கமாட்டனுங்க."

ஒலிபெருக்கியில் அது தெரு முழுக்கக் கேட்டது. எனக்கு முதலில் "மனு போடறதுக்கு முன்னாடியே" என்பதுதான் காதில் விழுந்தது. அப்படியானால் புளியமரத்தடியில் நாங்கள் சின்னம் பேசிச் சிரித்தபோதே எல்லாம் பேசி முடிந்திருக்கிறது. அவன் நிற்பதற்காகப் பத்துப் பேரைத் தேடவில்லை. பத்து வீட்டைக் காட்டுவதற்காக நின்றிருக்கிறான். அந்தப் பத்து வீட்டையும் அவனுக்குச் சேர்த்துக் கொடுத்தது நான். அதற்குப் பிறகுதான் மற்ற வார்த்தை உறைத்தது. நான் பண்ணிய உதவி. எதிர் வாசலில் மேட்டு வீட்டுக்காரி நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கும் அதே வார்த்தை கேட்டிருக்கிறது.

"எனக்கு எதுவும் தெரியாதுங்க, நான் ஒண்ணும் பண்ணல" என்று கத்தினேன். மைக் அவர் கையில் இருந்தது. என் குரல் எதிர் வீட்டுக்குக்கூடப் போயிருக்காது. தம்பியைப் பார்த்தேன். எங்க அக்காவுக்கு இது தெரியாதுங்க என்று அவன் ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த மைக்கை வாங்கிச் சொல்லக்கூட வேண்டாம், என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினால் தெருவுக்குப் புரிந்துவிடும். வண்டி மேல் ஏறி அத்தனை பேச்சுப் பேசியவன், தோளில் இருந்த துண்டைச் சரிசெய்துகொண்டு அடுத்த வீட்டைப் பார்த்தான். பாட்டைப் போட்டார்கள். வேன் நகர்ந்தது. அவன் வாபஸ் வாங்கியதைக்கூட நான் எப்போதாவது மறந்துவிடுவேன். அந்த நிமிஷம் வாயை மூடிக்கொண்டதை மறக்கமாட்டேன்.

மறுநாள் மேட்டு வீட்டுக்காரியின் தோட்டத்தில் பறிப்பு. ஒருத்தியும் வராமல் இல்லை. ஆனால் யாரும் தேர்தலைப் பற்றிப் பேசவில்லை. வழக்கமாகப் பறிப்பில் மூன்று வேட்பாளர்களையும் உரித்துத் தொங்கவிடுவோம். அன்று சமையல், மழை, பிள்ளைகளின் பரீட்சை என்று பேச்சு சுற்றிச் சுற்றிப் போயிற்று. நான் ஏதாவது சொன்னால் உடனே ஆமாம் ஆமாம் என்றார்கள். எங்கள் தெருவில் அவ்வளவு சீக்கிரம் யாரும் யாருக்கும் ஆமாம் போட மாட்டார்கள்.

வெயில் ஏறிய பிறகு மேட்டு வீட்டுக்காரி என் சாலுக்கு வந்தாள். குனிந்தபடியே, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் கேட்டாள்.

"எங்கிட்ட மட்டும் சொல்லு. வேற யார்கிட்டயும் சொல்ல மாட்டன். உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"சத்தியமா தெரியாது" என்றேன்.

அவள் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன். அவள் பிரியமாகத்தான் பார்த்தாள்.

"சரி, வுடு. தெரிஞ்சிருந்தாலும் ஒண்ணுமில்ல. கூடப் பொறந்தவனுக்குப் பண்ணாம வேற யாருக்குப் பண்ணுவ? நானா இருந்தாலும் அதத்தான் பண்ணியிருப்பன்" என்றாள்.

இல்லை என்று இன்னொரு தடவை சொல்ல வாயைத் திறந்தேன். அவள் என் தோளில் தட்டினாள். நான் செய்யாததை மன்னித்துவிட்டு அவள் அடுத்த சாலுக்குப் போய்விட்டாள்.